ஈயத்துக்கும் தலைமைக்கும் ஒரே எழுத்து

எல், இ, ஏ, டி. இந்த நான்கையும் சேர்த்து எழுதிக்காட்டி, எப்படி வாசிப்பது என்று கேட்டால், லண்டனில் பிறந்தவராலும் முழு வாக்கியத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ‘லீட்’ என்றால் முன்னின்று நடத்துவது. ‘லெட்’ என்றால் ஈயம். பழைய ஆங்கிலத்திலேயே இவை ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு சொற்கள்.

பிறகு எழுத்து மட்டும் எப்படி ஒன்றானது? காரணம் தெரிந்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை. ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 14ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் உயிரோசை ஒன்றுதான்: வாயை அகலத் திறந்து சொல்லும் நீண்ட ஏகாரம். அதைக் காட்டத்தான் பின்னாளில் இ-யையும் ஏ-யையும் சேர்த்தெழுதும் வழக்கம் பரவியது. 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அச்சு எழுத்துக்கூட்டலை ஏறக்குறைய இறுக்கிவிட்டது.

பேச்சு அப்படி நிற்கவில்லை. ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே மெல்ல ‘ஈ’-க்கு வந்து பாருங்கள். நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழுவது தெரியும். ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் இப்படித்தான் மேலேறின. அதற்கு மேல் ஏற இடமில்லாத ஈகாரம் ‘ஐ’ ஆகிப்போனது. டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் பெரும் உயிரொலி மாற்றம் என்று பெயரிட்டார். தலைமைச் சொல்லின் ஏகாரமும் ஏறி ஏறி ஈகாரமானது. ஈயத்தின் ஏகாரமோ குறுகி எகரமாகிவிட்டது. குறிலாகிவிட்டதால் ஏறாமல் தப்பியது. தலையைக் குறிக்கும் ‘ஹெட்’, ரொட்டியைக் குறிக்கும் ‘பிரெட்’ எல்லாம் அதே கதைதான். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒழுங்கற்றது என்று திட்டுவது எளிது. எனக்கு அது 600 ஆண்டுக்கு முந்தைய உச்சரிப்பு பதிந்த தடமாகவே தெரிகிறது.

கண்ணீர் ‘டியர்’, கிழிப்பது ‘டேர்’. இரண்டுக்கும் எழுத்து டி, இ, ஏ, ஆர். இங்கே இறுதியில் நிற்கும் ஆர் ஓசை கிழிப்பதன் ஏகாரத்தை மேலேறவிடாமல் பிடித்துக்கொண்டது, கண்ணீரை விட்டுவிட்டது. கரடியின் ‘பேர்’ கூட அப்படித் தங்கியதுதான்.

எல்லா இணைகளும் இப்படிப் பிரிந்தவை அல்ல. தைப்பவர் ‘சோவர்’, சாக்கடை ‘சூவர்’, எழுத்து ஒன்றே. முதலாவது பழைய ஆங்கில வேரிலிருந்து பிறந்தது. இரண்டாவது பிரெஞ்சு வழியே வந்தது. அதன் அடியில் தண்ணீரைக் குறிக்கும் லத்தீன் ‘அக்வா’ இருக்கிறது. இவை எழுத்தில் சந்தித்தது வெறும் தற்செயல்.

தமிழிலும் இதற்கு நிகர் உண்டு, காரணம்தான் வேறு. செய்த பாவமும், நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் பாவமும் வடமொழியின் இரு வேறு சொற்களிலிருந்து வந்தவை. பின்னதன் முதல் ஓசையில் தொண்டை அதிரும். அந்த அதிர்வைத் தமிழ் எழுத்து தனியாகக் குறிப்பதில்லை. ஆனாலும் ‘பாவமும் தாளமும் இணைந்தன’ என்று நாட்டிய விமர்சனத்தில் படிக்கும்போது யாரும் தடுமாறுவதில்லை. பக்கத்தில் நிற்கும் தாளம் எந்தப் பாவம் என்று சொல்லிவிடுகிறது.