எளிய வழி இழிந்த வழியோ?

மலையேறுபவன் ஒருவன் கைத்தடி ஊன்றி ஏறினால், அவன் உச்சியை அடைந்தது பொய்யாகிவிடுமா? சென்ற மாரிகாலத்து இரவொன்றில், எங்கள் வீட்டு முன்னறையிலே, எனக்கும் என் தமக்கையின் மகனுக்கும் இடையே இக்கேள்வி ஒரு வழக்காக எழுந்தது. வழக்குக்குக் காரணமாயிருந்தது மெய்யான மலையன்று. வீடியோ விளையாட்டொன்றிலே வரும் பொய்ம்மலை. ஆயினும் அவ்வழக்கு அற்பமானதன்று என்பதே என் துணிபு.

விளையாட்டின் பெயர் ‘செலெஸ்ட்’. மெடி தோர்சன், நோயல் பெரி என்னும் இருவர் நான்கே நாட்களில் ஆக்கிய சிறு விளையாட்டொன்றை வித்தாகக் கொண்டு, தம் குழுவினருடன் வளர்த்தெடுத்து, 2018ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்டது. மனக்கலக்கத்தால் வருந்தும் மடலின் என்னும் இளம்பெண், செலெஸ்ட் மலையின் உச்சியை நாடிப் புறப்படுகிறாள். தாவுதல், சுவரைப் பற்றி ஏறுதல், அந்தரத்திற் பாய்தல் ஆகிய மூன்றுமே அவள் கற்ற வித்தைகள். உருவங்களோ எண்பதுகளின் பழைய விளையாட்டுகளைப் போலச் சிறு சதுரங்களால் இழைக்கப்பட்டவை. முள்ளிற் பட்டால் அக்கணமே சாவு; மறுகணமே அதே திரையின் தொடக்கத்தில் உயிர்ப்பு.

என் வலக்கைப் பெருவிரல் சில ஆண்டுகளாக வாதத்தினால் விறைத்துப் போயிருக்கிறது. ஒரே பள்ளத்தில் நான் ஐம்பது முறைக்கு மேல் விழுந்து மாண்டதைக் கண்டு மனம் பொறாத மருமகன் சொன்னான்:

“மாமா, இதிலை உதவி முறை எண்டு ஒண்டு இருக்குது. அதைப் போட்டிட்டு விளையாடுங்கோ.”

“அது களவு விளையாட்டடா, தம்பி.”

“அப்ப நாளைக்குக் கண்ணாடி போடாமல் பேப்பர் வாசியுங்கோவன்!”

எனக்கு மறுமொழி எழவில்லை. பையனின் சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்றிரவு உறக்கம் வராது கிடந்து, இந்தக் ‘கடுமை’ என்னும் பொருளின் வரலாற்றை மனத்துள் புரட்டிப் பார்த்தேன்.

காசு விழுங்கிய காலம்

ஆதியிலே இவ்விளையாட்டுகள் கடைகளிலே காசு போட்டு ஆடப்பட்டவை. ஆடுபவன் விரைவில் மாண்டாற்றான் மறுகாசு விழும். ஆகவே, கடுமை என்பது அக்காலத்திற் கலையாக இருந்ததோடு வாணிபமாகவும் இருந்தது. பின்னர் விளையாட்டு வீட்டுக்கு வந்தது; கடுமையும் உடன் வந்தது. 1985இல் யப்பானில் வெளிவந்த ‘சுப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைற்று அளவினுள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அதைவிடப் பன்மடங்கு இடம் வேண்டும். அத்துணைச் சிறிய இடத்தினுள் 32 கட்டங்களை அமைத்தவர்கள், விழுந்தவனை மீண்டும் மீண்டும் பின்னே அனுப்பித்தான் குறுகிய பாதையை நெடும் பயணமாக்கினர்.

1986இல் யப்பானியருக்கு அதன் இரண்டாம் பாகம் கிடைத்தது. உண்டால் உயிர் போக்கும் நச்சுக் காளான் முதலிய வஞ்சனைகள் நிறைந்த அந்த விளையாட்டு, அமெரிக்கருக்குப் பெருங்கடுமையாகும் என எண்ணி, அங்கே விற்கப்படவில்லை. 1988இல் வேறொரு விளையாட்டுக்கு மாரியோவின் வேடம் பூட்டி, அதனையே இரண்டாம் பாகமென அமெரிக்காவுக்கு வழங்கினர். மூல விளையாட்டு ‘தொலைந்த கட்டங்கள்’ என்னும் பெயருடன் அங்கே போய்ச் சேர்ந்தது 1993இலேதான்.

‘மெகா மேன் 2’ விளையாட்டின் கதை இன்னும் சுவையானது. 1988இல் யப்பானில் வெளிவந்தபோது அதற்கு ஒரே நிலைதான் இருந்தது. அமெரிக்கப் பதிப்பிலே இலகுவான நிலையொன்றைச் சேர்த்தனர். சேர்த்தவர்கள் அதற்கு ‘இலகு’ என்று பெயரிடவில்லை. ‘இயல்பு’ என்று பெயரிட்டார்கள். மூலத்தின் நிலையோ ‘கடினம்’ ஆயிற்று. உதவி பெற்றவனின் மானத்தைக் காப்பதற்கு ஒரு சொல்லே போதுமானதாயிற்று!

உதவியும் அவமானமும்

உதவி செய்வதில் எத்தனையோ விதம் உண்டு. 2009இல் வந்த மாரியோ விளையாட்டொன்றில், ஒரு கட்டத்திலே எட்டு முறை மாண்டவனுக்குப் பச்சைப் பெட்டியொன்று தோன்றும். அதனைத் தட்டினால் தம்பி லுயீஜி வந்து தானே நடந்து வழி காட்டுவான். 2010இல் வந்த ‘மெகா மேன் 10’ பழைய எண்பதுகளின் உருவத்தையே பூண்டிருந்த போதிலும், முட்குழிகளின் மேலே பலகையிட்டு இலகு வழியொன்றை அமைத்தது. 2017இல் வந்த ‘கப்ஹெட்’ விளையாட்டிலும் எளிய முறை உண்டு. ஆயினும் அம்முறையில் எதிரிகளை வென்றவன் இறுதிப் போரினுட் புக முடியாது. ‘வா’ என்று அழைத்துப் பந்தியின் நடுவில் எழுப்பி விடுவது போன்றது இது.

செலெஸ்ட்டின் உதவி முறையோ வேறு வகையானது. ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்து வீதமாகப் பாதி வரை குறைக்கலாம். பற்றி ஏறும் வலுவைக் குன்றாததாக்கலாம். சாவே இல்லாதபடியும் செய்யலாம். எவ்வளவு உதவி வேண்டும் என்பதை ஆடுபவனே தீர்மானிக்கிறான். முதலில் இதற்கு ஏமாற்று முறை என்ற கருத்துடைய பெயரையே ஆக்கியோர் வைத்திருந்தனர். அப்பெயர் ஆடுபவனைக் குற்றஞ்சாட்டுவதாக உணர்ந்து மாற்றினர். முதன்முறை உதவியின்றி ஆடுவதே நன்று என அறிவுரை கூறும் வாசகமொன்றும் அங்கே இருந்தது. 2019இல் அதனையும் நீக்கித் திருத்தினர்.

மறைந்திருக்கும் கை

‘உதவியின்றி ஏறினேன்’ என்று மார் தட்டுகின்றவரும் அறியாத மர்மம் ஒன்றுண்டு. செலெஸ்ட்டின் இயல்பான முறையிலேயே பல உதவிகள் ஒளிந்திருக்கின்றன. விளிம்பை விட்டுக் கால் நழுவிய பின்னரும், ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு நேரத்துக்குத் தாவும் உரிமை கிடைக்கிறது. தரையைத் தொடுமுன் சற்று முந்திப் பொத்தானை அழுத்தியவனையும் விளையாட்டு மன்னித்து, தரை தொட்டதும் தாவ விடுகிறது. தலை மூலையில் இடித்தால், இடித்தவனைச் சற்றே விலக்கி மேலே அனுப்புகிறது. இவற்றைத் தோர்சனே வெளிப்படையாக விளக்கியிருக்கிறார். எனவே, தனித்து ஏறியவன் என்று ஒருவனும் இல்லை. எல்லாரையும் ஒரு கை தாங்குகிறது. சிலருக்கு அந்தக் கை இன்னும் சற்று இறுகப் பற்ற வேண்டியிருக்கிறது. வேற்றுமை அளவிலேயன்றி வகையிலே அன்று.

அவ்வாறாயின் கடுமை வீணோ? அல்ல. விழாமல் ஏறும் மலையில் உச்சிக்கு என்ன பெருமை? மடலினின் துன்பம் என் விரல்களிலும் ஏறினாற்றான் அவள் கதை என் கதையாகும். ஆனால், ஒருவனுக்கு மேடாயிருப்பது இன்னொருவனுக்குச் செங்குத்துப் பாறை. இளைஞனின் விரலுக்கு நூறு வீத வேகம் தரும் அதே போராட்டத்தை என் விரலுக்கு எண்பது வீத வேகம் தருகிறது. போராட்டமே இவ்விளையாட்டின் உயிரென்றால், அதனை அவரவர் உடலுக்கு ஏற்ப அளந்து கொடுப்பதுதானே நீதி?

கதையும் இதையே சொல்கிறது. மடலின் தன்னுள்ளிருந்து பிரிந்து வந்த நிழலுருவை முதலில் வெறுத்து ஓடுகிறாள். ஆறாம் அத்தியாயத்திலே, மலையின் அடிவரை விழுந்த பின்னர்தான், அவளுடன் உறவாடித் துணையாக்கிக் கொள்கிறாள். அதன் பின்பே அந்தரத்தில் இரு முறை பாயும் வலிமை அவளுக்குக் கிட்டுகிறது. தன் பலவீனத்தை ஒப்புக்கொள்ளுதலே மேலே செல்லும் வழி என்று கதை சொல்லும்போது, என் விறைத்த விரலை நான் மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்திருந்தேன்!

அடுத்த நாள் வேகத்தை எண்பது வீதமாகக் குறைத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. அப்போதும் விழுந்தேன், எண்ணிறந்த முறை விழுந்தேன். மூன்று வாரம் சென்று, ஏழாம் அத்தியாயத்தின் முடிவில், பனி மூடிய உச்சியிலே மடலின் நின்றபோது, சாவுகளின் தொகை நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. என் கண்கள் சற்றே கலங்கியிருந்தன.

“மாமா, ஏறியாச்சோ?” என்று உள்ளறையிலிருந்து கேட்டான் மருமகன்.

“ஏறியாச்சு தம்பி,” என்றேன், “கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.”