அடுப்பங்கரையும் வத்திக்கானும்

பாஸ்கா காலத்தில் வீடுகளை மந்திரிக்கச் செல்வது பங்குக் குருக்களின் வழக்கம். ஓர் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் அவ்வாறு சென்றிருந்தேன். தீர்த்தம் தெளித்துக்கொண்டே அடுப்பங்கரை வரை போனேன். சன்னலற்ற சிறிய அறை, சுவரெல்லாம் கரி. மூலையில் விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அதன் அருகே எரிவாயு சிலிண்டர் ஒன்று, மேலே கோலமாவு டப்பாவைத் தாங்கிக்கொண்டு நின்றது.

"ஏனம்மா, காஸ் இருக்கிறதே?" என்றேன்.

அந்த மூதாட்டி முந்தானையால் வாயைப் பொத்தி இருமினார். "தீர்ந்து ரெண்டு மாசமாச்சு சாமி. அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது? விறகுன்னா பொறுக்கிக்கலாம்" என்றார்.

நான் நன்மை ஆசீர்வாதம் கூறி வெளியே வந்துவிட்டேன். ஆனால் அந்த இருமல் என்னோடு வந்தது. அது நான் முன்பே அறிந்த இருமல். என்னைப் பெற்ற தாயாரும் அவ்வாறுதான் இருமினார். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து எங்களுக்குச் சோறு பொங்கினார். இறுதி நாட்களில் அவர் மூச்சுக்குத் தவித்தபோது கட்டிலின் அருகே முழந்தாட்படியிட்டுச் செபமாலை சொன்னேன். ஆனால் அந்த அடுப்பைப் பற்றி ஒருநாளும் நான் சிந்தித்ததில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இந்த அடுப்புப் புகையைப் பற்றிச் சிந்தித்த ஒருவர் உண்டு. அவர் தமிழர், உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி, திருத்தந்தையிடமே நேரில் உரையாடியவர். வீரபத்திரன் ராமநாதன் என்பது அவர் பெயர். 1944-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்து, இளமையில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்தார். அங்கே தாய்மொழி விட்டு ஆங்கிலத்தில் பாடம் நடந்தது. ஆசிரியர் சொல்வது விளங்காததால், எதையும் தானே முட்டி மோதிக் கண்டறியும் பழக்கம் தமக்கு வந்ததாக அவரே கூறியுள்ளார். 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பட்டம் பெற்று, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிலில் சேர்ந்தார். குளிரூட்டும் வாயு கசிவதைத் தடுப்பது அவர் வேலை.

கசியும் அந்த வாயு போகும் இடம் எது? பிற்காலத்தில் அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்ற பின்னர், 1975-இல் இதற்கு அவர் விடை கண்டார். குளோரோ புளூரோ கார்பன் எனப்படும் அந்த வாயுவின் ஓர் அணுத்திரள், கரியமில வாயுவின் ஓர் அணுத்திரளைப்போல் பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று நிறுவினார். உலகம் திகைத்தது. பூமியைப் போர்த்தியிருக்கும் காற்றுப் போர்வையைத் தடிமனாக்குவது கரியமில வாயு மட்டுமன்று என்பது அன்றுதான் தெளிவாயிற்று. 1980-இல் மற்றொரு விஞ்ஞானியோடு சேர்ந்து, பூமி சூடேறுவது 2000-க்குள் கண்கூடாகும் என்று கணித்தார். அதுவும் பலித்தது.

1999-இல் பால் குருட்சன் என்ற நோபல் விஞ்ஞானியுடன் இணைந்து இந்துமாக்கடலின் மேல் ஒரு பெரும் ஆய்வை நடத்தினார். தென்னாசியாவிலிருந்து கிளம்பிய பழுப்பு நிறப் புகைமண்டலம், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம் வரை கடலின்மேல் கவிந்திருப்பதைக் கண்டனர். ஆலைப்புகை, வாகனப்புகை ஆகியவற்றோடு விறகும் வரட்டியும் எரியும் அடுப்புகளின் புகையும் அதில் இருந்தது. சிறு வயதில், பாட்டி அடுப்பின் முன் அமர்ந்து இருமியதைப் பார்த்த நினைவு அவருக்கு இருந்தது. வானத்தின் புகையும் பாட்டியின் இருமலும் ஒரே அடுப்பில் பிறந்தவை என்பதை உணர்ந்த அவர், உத்தரப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்துப் பயனை அளக்கும் 'சூரியா' திட்டத்தைத் தொடங்கினார்.

2004-இல் அவர் திருத்தந்தையின் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இக்கழகத்தை இன்றைய வடிவில் 1936-இல் நிறுவியவர் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர். இதன் வேர் 1603-இல் உரோமையில் தோன்றிய ஒரு கழகத்தில் இருக்கிறது. கலிலேயோ 1611-இல் அதில் சேர்ந்தார். உறுப்பினராக மதம் தடையில்லை. விஞ்ஞானத்தில் தகுதி வேண்டும், அவ்வளவே. நம் சர் சி. வி. ராமனும் இதில் உறுப்பினராக இருந்தவரே.

2014-ஆம் ஆண்டு மே மாதம். வத்திக்கானில் மனித குலத்தின் வருங்காலத்தையும் இயற்கையையும் பற்றிய கருத்தரங்கு நடந்தது. அதன் முடிவைத் திருத்தந்தை பிரான்சிசிடம் எடுத்துரைக்கும் பொறுப்பு ராமநாதனுக்கு வந்தது. மாளிகையில் நீண்ட பேட்டி கிட்டவில்லை. வாகனங்கள் நிறுத்துமிடத்தில், நின்றபடியே, ஏறத்தாழ இரண்டு நிமிடம் கிடைத்தது.

நாற்பது ஆண்டு ஆராய்ச்சியை இரண்டு நிமிடத்தில் எவ்வாறு சொல்வது? அவர் சூத்திரங்களைச் சொல்லவில்லை. காற்றை மாசுபடுத்துவதில் பெரும்பங்கு உலகின் செல்வந்தரான நூறு கோடிப் பேருடையது. ஆனால் அதன் கொடுமையை அதிகம் அனுபவிக்கப் போவது மிக ஏழைகளான முந்நூறு கோடி மக்கள் என்றார். திருத்தந்தை, தாம் என்ன செய்யலாம் என்று கேட்டார். உங்கள் உரைகளில், படைப்பை நன்கு பேணும் பொறுப்பாளராக இருக்கும்படி மக்களைக் கேளுங்கள் என்றார் ராமநாதன்.

அடுத்த ஆண்டு 2015 ஜூன் 18 அன்று 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல் வெளிவந்தது. அந்த இரண்டு நிமிடம்தான் அதைப் பிறப்பித்தது என்று சொல்வது மிகையாகும். பலருடைய உழைப்பு அதில் உண்டு. எனினும், பூமியின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் ஒன்றே என்று திருச்சபை அதில் உரத்துச் சொன்னது. அதே ஆண்டு பாரீசில் நடந்த உலக மாநாட்டுக்குச் சென்ற வத்திக்கான் குழுவிலும் ராமநாதன் இடம்பெற்றார்.

இராசபாளையத்தில் மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாணவன் என்னிடம், "ஃபாதர், விஞ்ஞானம் வளர வளர வேதம் தேய்ந்துவிடாதா?" என்று கேட்டான். கலிலேயோவுக்கு நேர்ந்ததை நான் மறைக்கவில்லை. அவரைக் கண்டித்தவர்கள் தவறினார்கள் என்பதை 1992-இல் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பரே ஏற்றுக்கொண்டார் என்றேன். பிறகு வாகனத் திடலில் நடந்த இந்த உரையாடலைச் சொன்னேன். என்ன நடக்கிறது என்று விஞ்ஞானி அளந்து சொன்னார். நான் என்ன செய்ய வேண்டும் என்று மேய்ப்பர் கேட்டார். இரண்டும் சேர்ந்தால்தான் ஏழைக்கு விடிவு.

பையன் விடவில்லை. "அப்படியானால் நம் பங்கு மண்டபத்துக்கு ஏசி எதற்கு ஃபாதர்?" என்றான். அப்போதுதான் அதற்கு நிதி திரட்டத் தொடங்கியிருந்தோம். புதிய குளிரூட்டிகளில் பெரும்பாலும் நிரப்பப்படும் வாயுவும் கசிந்தால் பூமியைச் சூடேற்றுவதே. அதனைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. பஞ்சாலையில் இரவு வேலை முடித்து வெயிலில் வீடு திரும்புகிறவர்களுக்குக் குளிர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டில் சில திருமணங்களுக்காகக் குளிரூட்டும் மண்டபமா, ஆண்டு முழுவதும் புகையில் வேகும் தாயா என்ற கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வீட்டுக்குள் எரியும் புகையால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறக்கின்றனர். பெண்களும் குழந்தைகளுமே இப்புகையை அதிகம் சுவாசிக்கின்றனர். ஆயினும் இதில் ஒரு நம்பிக்கையும் உண்டு. கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுக்கணக்கில் தங்கும். அடுப்புக் கரித்துகளோ சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் படிந்துவிடும். அடுப்பை மாற்றினால், பயனை நம் கண்ணாலேயே காணலாம்.

மேற்கே மலையைப் பாருங்கள். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயம் அமைத்தோம். 2021-இல் அது புலிகள் காப்பகமும் ஆயிற்று. அணிலுக்கும் புலிக்கும் இடம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, அம்மலையடிவாரத்தில் விறகு பொறுக்கும் தாயின் நுரையீரல் நினைவுக்கு வரவேண்டாமா?

மண்டபக் குளிரூட்டியைப் பங்குப் பேரவை ஒத்திவைத்தது. எளிதில் அன்று, இரண்டு கூட்டங்களில் வாதாடிய பிறகே. அன்பியங்கள்தோறும் சிலிண்டர் நிரப்ப ஒரு சேமிப்பு உண்டியல் வைத்தோம். தாமே விறகு வாங்கிச் சமைக்க வேண்டிய வீடுகளில் இளைஞர்கள் கூரையருகே புகை போக்கி அமைத்துக் கொடுத்தனர். இது சிறிய காரியம். பூமியின் சூட்டை இது தணித்துவிடாது.

மறு ஆண்டு அதே வீட்டுக்குத் தீர்த்தச் செம்போடு சென்றேன். கோலமாவு டப்பா சன்னலுக்கு மாறியிருந்தது. ஆம், சுவரை உடைத்து ஒரு சன்னலும் வைத்திருந்தார்கள். மூதாட்டி இன்னும் இருமினார். நாற்பது ஆண்டுப் புகை ஒரே ஆண்டில் போய்விடாது. ஆனால் அருகில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்த பேத்தி இருமவில்லை.

உங்கள் வீட்டில் அடுப்பருகே நிற்பவர் யார்? இன்று மாலை செபமாலைக்கு முன் ஒரு முறை அங்கே சென்று பாருங்கள். என் தாயாருக்கு நான் செய்யத் தவறியது அது.