வேர் வெட்டுவோர் சொன்னதும் தியோபிராஸ்டஸ் கேட்டதும்

தாவரவியலின் தந்தை என்று வகுப்பில் நாம் அறிமுகப்படுத்தும் தியோபிராஸ்டஸ், அரிஸ்டாட்டிலின் மாணவர். பண்டைய கிரேக்கத்தில் மூலிகைகளைத் தோண்டி எடுத்தவர்கள் 'வேர் வெட்டுவோர்' எனப்பட்டனர். அவர்களும் மருந்து விற்போரும் கூறிய செய்திகளைத் தம் தாவர ஆய்வு நூலின் 9ஆம் பகுதியில் அவர் தொகுத்தார்.

தாப்சியா வேரை வெட்டுபவர் எண்ணெய் பூசிக்கொண்டு, காற்று தம் பக்கமிருந்து செடியை நோக்கி வீசும்படி நிற்க வேண்டும்; இல்லையெனில் உடல் வீங்கும் என்றனர். அச்செடி உண்மையிலேயே தீங்கு செய்வது. ஆகவே இந்த எச்சரிக்கை பொருத்தமானதே எனக் கருதினார். பியோனிச் செடியின் கனியைப் பகலில் பறிக்கும்போது மரங்கொத்தி பார்த்துவிட்டால் கண்பார்வை போகும் என்றும் கூறினர். அது வலிந்து சேர்த்த கதை என ஒதுக்கினார்.

இரண்டையும் சொன்னவர்கள் ஒரே தொழிலினர். அவர்களை முழுமையாக நம்பவுமில்லை, புறக்கணிக்கவுமில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் காரணம் உண்டா என்று பார்த்தார்.

மூலிகைப் பாடம் நடத்தும்போது, மாணவர்கள் வீட்டில் கேட்டுவரும் செய்திகளை இவ்வாறே இரு பட்டியலாகப் பிரிக்கச் சொல்லலாம். செடிகளைச் சுவைத்துப் பார்க்க மட்டும் அனுமதிக்க வேண்டாம். 'ஏன் அப்படி?' என்ற கேள்வி மாணவரிடமிருந்து எழுந்தால், அங்கே அறிவியல் தொடங்கிவிட்டது.