பாராசூட் விரிந்துவிட்டால் ஆபத்து முடிந்துவிட்டதா? கேனபி பறப்பதும், 'ஸ்டால்' ஆவதும் எப்படி?

உத்திரமேரூர் பக்கம் நாற்று நட்ட வயல்களில் கொக்கு இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? வேகமாக வரும் கொக்கு, தரைக்குச் சற்று மேலே உடம்பை நிமிர்த்தி, சிறகுகளை அகல விரித்துக் காற்றிலேயே 'பிரேக்' போடும். வேகம் தீரும் அதே நொடியில் கால் சேற்றைத் தொடும். பக்கத்தில் உள்ள வேடந்தாங்கலில் கூழைக்கடாக்கள் இறங்குவதும் இப்படித்தான். கொஞ்சம் முன்னதாகப் பிரேக் போட்டால், பறக்கத் தேவையான வேகம் போய், பொத்தென்று விழ வேண்டியதுதான்.

ஸ்கைடைவிங் பாராசூட்டின் மொத்தக் கதையும் இதுதான்.

துபாய், தாய்லாந்து என்று டூர் போகிறவர்களின் லிஸ்ட்டில் இப்போது ஸ்கைடைவிங்கும் இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கும் ஒரே பயம், "பாராசூட் விரியலைன்னா என்ன ஆகும்?" என்பதுதான். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் சேலம் விமான நிலையத்தில் நடந்த ஸ்கைடைவிங்கில், பாராசூட் சரியாக விரியாமல் பெங்களூரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். 2025-ல் பிப்ரவரி, ஏப்ரல் மாதங்களில் ஆக்ராவில் நடந்த இரு வேறு விபத்துகளில், அனுபவம் மிக்க விமானப்படைப் பயிற்றுநர்கள் இருவர் இறந்தார்கள்.

ஆனால், இந்த விளையாட்டில் அதிகம் பேசப்படாத இன்னொரு ஆபத்து இருக்கிறது. உலக அளவில் ஸ்கைடைவிங் விபத்துகளில் கணிசமானவை, பாராசூட் ஒழுங்காக விரிந்த பிறகு, கடைசிச் சில நூறு அடிகளில்தான் நடக்கின்றன. நன்றாக விரிந்த பாராசூட்டில் தொங்குகிறவர் ஏன் விபத்தில் சிக்குகிறார்?

இது குடை அல்ல, இறக்கை

பழைய போர்ப் படங்களில் பார்க்கும் வட்டப் பாராசூட், குடை மாதிரி. காற்றைத் தடுத்து விழும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். எங்கே இறங்குவது என்பதைப் பெரும்பாலும் காற்றுதான் முடிவு செய்யும்.

இன்றைய ஸ்கைடைவர்கள் பயன்படுத்துவது செவ்வக வடிவக் கேனபி. இதன் முன்னோடியை 1964-ல் உருவாக்கியவர் அமெரிக்காவின் டோமினா ஜால்பர்ட். மேலே ஒரு நைலான் துணி, கீழே ஒரு துணி, நடுவே தடுப்புகள். இதனால் 7 அல்லது 9 அறைகள் உருவாகின்றன. முன்பக்கம் திறந்திருக்கும். தலையணை உறையைக் காற்றுக்கு எதிரே பிடித்தால் உப்புவது போல, காற்று புகுந்து அறைகள் உப்பும். வெறும் துணி, விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும்.

அதன் பிறகு அது விழுவதில்லை, பறக்கிறது. புதியவர்களுக்கான கேனபி மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் இரண்டரை முதல் மூன்று மீட்டர் முன்னே போகும்.

இதன் பலன் என்ன? 2025 அக்டோபரில், டிஆர்டிஓ உருவாக்கிய ராணுவப் பாராசூட்டுடன் இந்திய வீரர்கள் 32,000 அடியிலிருந்து குதித்து, 30,000 அடியில் அதை விரித்தார்கள். மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்திலிருந்து காற்றே வீசாவிட்டாலும் 27 கி.மீ. வரை மிதந்து போகலாம். உத்திரமேரூருக்கு மேலே விரித்தால், காஞ்சிபுரம் நகரத்திலேயே இறங்கிவிடலாம்!

விரியும் அந்த நொடிகள்

குதித்தவர் மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகத்தில் விழுகிறார். முதலில் ஒரு குட்டிப் பாராசூட்டைக் காற்றில் வீசுவார். அது இழுக்கும் இழுப்பில் முதுகுப்பையின் ஊசி கழன்று, மடித்து வைத்த கேனபி வெளியே வரும். கயிறுகள் முழுசாக நீண்ட பிறகே துணி விரியத் தொடங்கும்.

இங்கே ஒரு சிக்கல். 200 கி.மீ. வேகத்தில் இவ்வளவு பெரிய துணி டக்கென்று விரிந்தால், கயிறு அறுந்துபோகலாம், எலும்பும் முறியலாம். அதைத் தடுப்பது 'ஸ்லைடர்' என்ற சின்னத் துணி. நான்கு மூலைகளிலும் வளையங்கள். அவற்றின் வழியே கயிறுகள் போகும். கேனபி விரியப் பார்க்கும். எதிர்க்காற்று ஸ்லைடரை மேலேயே அழுத்திப் பிடிக்கும். இந்த இழுபறியில் ஸ்லைடர் மெதுவாகக் கீழே இறங்க, கேனபி மூன்று முதல் ஐந்து நொடிகளில் பக்குவமாக விரியும். உயிரைக் காப்பது கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துணி!

மடிப்பதில் கவனக்குறைவு, விரியும்போது உடம்பு சாய்ந்திருப்பது போன்ற காரணங்களால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளலாம், கேனபி ஒரு பக்கமாகச் சுழலலாம்.

பிரேக் பிடித்தால் ஏன் விழுகிறது?

கேனபியின் பின்விளிம்பிலிருந்து இரண்டு கைப்பிடிகள் தொங்கும். பெயர் 'டாகிள்'. இடதை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலதை இழுத்தால் வலப்பக்கம். இரண்டையும் இழுத்தால் பின்விளிம்பு கீழே மடங்கி, வேகம் குறையும்.

பைக்கில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் வண்டி நிற்கும். வானத்தில் நிற்க முடியாது. இறக்கையைத் தூக்கிப் பிடிப்பதே அதன் மேல் ஓடும் காற்றுதான். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால், காற்று துணியின் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போகும். தாங்கும் விசை சட்டென்று குறையும். கேனபி பின்னோக்கிச் சரிந்து குழைந்துவிடும். இதுதான் 'ஸ்டால்'.

பயந்துபோய் டாகிள்களைப் படாரென்று விட்டுவிட்டால், கேனபி முன்னால் பாய்ந்து தலைகுப்புற டைவ் அடிக்கும். மெதுவாக மேலே விட்டால், மறுபடி காற்று நிரம்பிப் பறக்கத் தொடங்கும். அதனால்தான் புதுக் கேனபியை எடுப்பவர்கள், ஆயிரக்கணக்கான அடி உயரத்திலேயே வேண்டுமென்றே ஸ்டால் செய்து, எவ்வளவு இழுத்தால் அது நடக்கிறது என்று கைக்குப் பழக்கிக்கொள்கிறார்கள்.

கடைசி 10 அடி

தரையைத் தொடும் முன் இரண்டு டாகிளையும் ஒரே சீராக இழுப்பதற்கு 'ஃப்ளேர்' என்று பெயர். முன்னோக்கிய வேகம் தாங்கும் விசையாக மாறி, சில நொடிகள் கேனபி தரைக்கு இணையாக மிதக்கும். கொக்கு செய்வது இதைத்தான்.

பொதுவாக 10 அடி உயரத்தில் தொடங்க வேண்டியதை 25 அடியிலேயே செய்துவிட்டால், ஸ்டால் ஆகி மாடியிலிருந்து விழுவது போல் விழ நேரிடும். தாமதமாகச் செய்தால், அதே வேகத்தில் தரையில் மோதல்.

இதைவிடக் கொடியது, தாழ்வான உயரத்தில் திடீர்த் திருப்பம். டாகிளை ஒரு பக்கம் பலமாக இழுத்தால் கேனபி சாய்ந்து, பல அடி உயரத்தை விழுங்கிக்கொண்டு டைவ் அடிக்கும். மேலே 1,000 அடியில் அது ஜாலி. 80 அடியில், மீண்டு வர இடமே இல்லை. பல நேரங்களில் காரணம் சாகசம்கூட இல்லை. எதிரே கரன்ட் கம்பியைப் பார்த்த பதற்றம்தான்.

நம்ம ஊர் மண்ணில் இறங்கினால்?

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மே மாத வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும். அதே கேனபி வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். காய்ந்த பொட்டலுக்கும் தார்ச்சாலைக்கும் மேலே சூடான காற்று எழும்பும்; தண்ணீர் நிற்கும் வயலுக்கும் ஏரிக்கும் மேலே அது அடங்கும். இரண்டையும் கடக்கும்போது கேனபி குலுங்கும்.

பனைமர வரிசைக்குப் பின்னால் காற்று சுழித்து ஓடும். தடையின் உயரத்தைப் போல் 10 முதல் 20 மடங்கு தூரம் வரை இது நீளலாம். 60 அடி மரம் என்றால், 600 முதல் 1,200 அடி வரை! காலியாகத் தெரியும் எல்லா இடமும் பாதுகாப்பான இடம் இல்லை.

விரியவே இல்லை என்றால்?

ஒவ்வொரு பையிலும் இரண்டு பாராசூட்கள் உண்டு. முதலாவது சொதப்பினால், அதைக் கழற்றிவிட்டு ரிசர்வ் பாராசூட்டை இழுக்க வேண்டும். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் அறிவுரைப்படி, மாணவர்கள் இந்த முடிவை 2,500 அடிக்குள் எடுத்தாக வேண்டும். எதையுமே இழுக்காதவருக்கு, 1991-ல் அறிமுகமான 'சைப்ரஸ்' போன்ற தானியங்கிக் கருவி இருக்கிறது. சுமார் 750 அடியில் இன்னும் அதிவேகமாக விழுந்துகொண்டிருந்தால், அதுவே ரிசர்வைத் திறந்துவிடும்.

இத்தனை பாதுகாப்பின் பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. 2023-ல் அமெரிக்காவில் நடந்த சுமார் 36.5 லட்சம் ஜம்ப்களில் இறந்தவர்கள் 10 பேர்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

பயிற்றுநருடன் இணைந்து குதிக்கும் 'டேண்டம்' ஜம்ப்பில் டாகிள் அவர் கையில் இருக்கும். ஆனால், கேட்க வேண்டிய கேள்விகள் உங்களிடம் இருக்க வேண்டும்.

- பயிற்றுநருக்கு டேண்டம் உரிமம் இருக்கிறதா?
- தானியங்கிக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா?
- ரிசர்வை உரிமம் பெற்ற நிபுணர் கடைசியாக மடித்த தேதி என்ன? அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை மடிக்க வேண்டும்.
- காற்று எவ்வளவு வேகமாக வீசினால் ஜம்ப்பை ரத்து செய்வார்கள்?

கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், ஜம்ப்பை நீங்களே ரத்து செய்துவிடலாம்.