கீரிமலையும் நகுலேசுவரமும்

கடலோரப் பழங்கோயில் என்றவுடன் மேனாட்டார் பலர் கிரேக்க தேசத்துச் சௌனியன் முனையை நினைப்பர். ஏதென்சு நகரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவிலே, கடற்றெய்வமாகிய பொசைடனுக்குக் கி. மு. 5-ஆம் நூற்றாண்டில் எடுத்த சலவைக்கற் கோயில் அங்கே உளது. காலையிற் சென்று மாலையில் மீளும் பயணிகள் அதன் தூண்களைக் கண்டு வியப்பர். ஆயினும், அங்கே பூசை நின்று பல நூற்றாண்டுகள் கழிந்தன. கல் நிலைத்தது, வழிபாடு மறைந்தது.

இதற்கு நேர்மாறானதொரு காட்சியை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பகற்பொழுதிலே சென்று கண்டு மீளலாம். கொக்குவில், இணுவில், சுன்னாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கே செல்லும் வழி மாவிட்டபுரத்தை அடையும். அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் கீரிமலை வந்துவிடும். கடலலை மோதும் கரையிலே கேணி. அதற்கு அண்மையிலே நகுலேசுவரர் ஆலயம்.

நகுலம் என்பது கீரி. கீரிமுகம் வாய்ந்த முனிவரொருவர் இத்தீர்த்தத்தில் ஆடி முகம் மாறப்பெற்றார் என்பது ஐதிகம். குதிரைமுகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையை, 18-ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. மாவிட்டபுரம் என்ற பெயரையும் மக்கள் அக்கதையோடு இணைப்பர்; 'மா' என்பது குதிரையன்றோ!

ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் இத்தலத்திலே பழைய கட்டடத்தைத் தேடுவார் ஏமாறுவர். 1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களாட்சியிற் கோயில் இடிக்கப்பட்டது. ஆறுமுக நாவலர் ஊட்டிய ஊக்கத்தின் பயனாக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுந்தது. 1990 ஒக்டோபரில் விமானக் குண்டுவீச்சினாற் பெருஞ்சேதமுற்றது. சுற்றுப்புற மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆண்டுக்கணக்காக அடியார்கள் செல்ல இயலாதிருந்தது. திருப்பணி நிறைவேறி 2012-இல் கும்பாபிடேகம் நடைபெற்றது. இங்கே கல் நிலைக்கவில்லை, வழிபாடு நிலைத்தது.

இருமுறை அழிந்த கோயிலை மக்கள் அதே இடத்தில் மீண்டும் எழுப்பியது ஏன்? விடை கேணியில் உளது. உப்புக்கடலின் ஓரத்திலே, ஒரு சுவருக்கு இப்பால் நன்னீர் ஊறுகின்றது. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் கழித்து நீராடுவது இங்கேதான்.

அந்நீர் வரும் வழியும் அறியத்தக்கது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மாரிமழை அதன் வெடிப்புகளில் இறங்கி, கனங்கூடிய உப்புநீரின்மேல் மிதந்துநின்று, மெல்லக் கடலை நாடிச் செல்கின்றது. கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. திருநெல்வேலிக் கமக்காரர் தோட்டக் கிணற்றில் இறைப்பதும் இவ்வாறு சேர்ந்த மழைநீரே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர்ப் படலம் மெலியும். கீழிருக்கும் உப்புநீர் மேலேறும்.

ஆகவே, கீரிமலையின் உண்மையான தொன்மை கோபுரத்தில் இல்லை, ஊற்றில் உளது. இடிந்த கோயிலை மக்கள் மீண்டும் கட்டினர். உவர்நீர் புகுந்த ஊற்றை மீட்பதோ அத்துணை எளிதன்று. மாலையில் ஊர் திரும்புவோர், தத்தம் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.