விருந்தாளி வீட்டுப் பிள்ளையாகும் வரை

வெளிநாட்டிலிருந்து தன்னார்வப் பணிக்கு வரும் இளைஞரைத் தமிழ்நாட்டு ஊர்கள் முதலில் விருந்தாளியாகத்தான் பார்க்கின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். விருந்தாளியை யாரும் கண்டிப்பதில்லை, வேலை ஏவுவதில்லை, அவர் தவறு செய்தாலும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பதினெட்டு, இருபது வயதில் திருச்சிராப்பள்ளியில் வந்து இறங்கி, ஒரு பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ சில மாதங்கள் வேலை பழக நினைப்பவருக்கு இந்த உபசாரமே குறுக்கே நிற்கும். அவரை விருந்தாளி நாற்காலியிலிருந்து எழுப்பி வீட்டுப் பிள்ளையாக்குவதுதான் உள்ளூர் வழிகாட்டியின் முதல் வேலை.

உதவ வந்தவர், போதிக்க வந்தவர் எவராயினும் முதலில் மாணவராக வேண்டும் என்பது இந்த வட்டாரம் வெகுகாலமாக அறிந்தது. இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி, திருச்சிக்குக் கிழக்கே ஏலாக்குறிச்சியில் இருந்து சமயப் பணி செய்தவர். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றே அவர் வீரமாமுனிவர் ஆனார் என்பது மரபுச் செய்தி. 1939-இல் இந்தியா வந்த பிரெஞ்சுத் துறவி ஜூல் மோன்ஷனேன், திருச்சி மறைமாவட்டத்தின் கிராமங்களில் பத்தாண்டு கழித்த பிறகுதான், 1950-இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் ஹென்றி லெ சோவுடன் சேர்ந்து சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். இவர்கள் வாழ்நாளையே இங்கு செலவிட்டவர்கள். இன்றைய தன்னார்வலருக்கு மிஞ்சிப்போனால் ஓராண்டு. ஊரே மெல்ல மெல்லச் சொல்லிக்கொடுத்ததை இப்போது ஒருவர் பக்கத்தில் இருந்து சீக்கிரமாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் கென்னடி காலத்தில் உருவான அமைதிப் படை 1961 முதல் 1976 வரை இந்தியாவில் இளைஞர்களை ஊர் மக்களோடு தங்கவைத்துப் பணி செய்ய அனுப்பியது. ஜெர்மன் அரசு 2008-இல் தொடங்கிய ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டம் 18 முதல் 28 வயது வரையுள்ளவர்களை அனுப்புகிறது. புறப்படும் முன்பும், பணியின் இடையிலும், திரும்பிய பிறகும் அவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் உண்டு. ஆனால் எந்த வகுப்பும் ஒரு குறிப்பிட்ட தெருவின் வழக்கங்களைச் சொல்லித்தந்துவிடாது. அது தெருவில் இருப்பவரின் பொறுப்பு.

வீட்டுப் பிள்ளையாவது அழைப்பு முறையில் தொடங்குகிறது. மேலாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர், திருச்சி அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்றும், களப்பணியில் ‘அண்ணா’, ‘அக்கா’ என்றும் அழைக்கப் பழக வேண்டும். ஸ்ரீரங்கத்து வீட்டில் தங்கினால் ‘மாமா’, ‘மாமி’. இதை வெறும் மரியாதைச் சொல்லாகக் கற்றுக்கொடுத்தால் பாதிதான் கற்றுக்கொடுத்ததாகும். அக்கா என்று அழைத்துவிட்டால், இரவு ஏன் தாமதம், சாப்பிட்டாயா, அப்பாவுக்கு என்ன சம்பளம், கல்யாணம் எப்போது என்றெல்லாம் கேட்க அந்த அக்காவுக்கு உரிமை வந்துவிடுகிறது. வந்தவர் இதை வேவு பார்ப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடும். வழிகாட்டி இரண்டு பக்கமும் பேச வேண்டும். கேள்வியில் இருப்பது அக்கறை என்று விருந்தினரிடமும், கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருப்பது கோபத்தால் அல்ல என்று வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். பயிற்சி நடத்துபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

அலுவலகக் கூட்டம் அடுத்த சோதனை. தலைவர் பேசும்போது இளையவர்கள் வாய் திறப்பதில்லை. திட்டத்தில் ஓட்டை தெரிந்தாலும் பிறகு தனியாகத்தான் சொல்வார்கள். கேள்வி கேட்பதே அக்கறையின் அடையாளம் என்று வளர்ந்தவர் அங்கேயே எழுந்து சொல்லிவிடுகிறார். அதேபோல், முடியாது என்று சொல்ல மனம் வராமல் ‘பார்க்கலாம்’ என்று சொன்னதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தும்விடுகிறார். எதை எங்கே, யார் வழியாகச் சொல்வது என்று காட்டுவது நல்ல வழிகாட்டுதல். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லித் தருவது வழிகாட்டுதல் ஆகாது. மௌனத்தையெல்லாம் பண்பாடு என்று சொல்லி வெளியாருக்கு ஏற்றுமதி செய்ய வேண்டியதில்லை.

குறிப்பாகச் சாதி. திருச்சி வட்டாரம் துப்புரவுப் பணியில் பெயர் பெற்றது. 1987-இல் தொடங்கிய கிராமாலயா நிறுவனத்தின் எஸ். தாமோதரனுக்கு 2022-இலும், ஸ்கோப் நிறுவனத்தின் மராச்சி சுப்புராமனுக்கு 2021-இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முசிறியில் ஸ்கோப் அமைத்த சூழல்காப்புக் கழிப்பறை, உபயோகிப்பவருக்கே சிறு தொகை கொடுத்ததால் உலகம் முழுவதும் பேசப்பட்டது. சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவி, பல மாதம் மட்கவைத்து உரமாக்கும் முறை அது. இதைக் கற்க வரும் வெளிநாட்டு மாணவர் கழிப்பறையின் வரைபடத்தை ஒரு நாளில் புரிந்துகொள்வார். மட்கிய உரத்தை அள்ளுவதற்கு யார் முன்வருவார், யார் தயங்குவார், ஏன் என்பது வரைபடத்தில் இருக்காது. கையால் மலம் அள்ள மனிதரை வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் அந்தத் தயக்கத்தின் வேர் அப்படியே இருக்கிறது. டீக்கடையிலோ வீட்டிலோ தென்படும் வேறுபாட்டைப் பற்றி விருந்தினர் கேட்கும்போது ‘எங்கள் வழக்கம்’ என்று மழுப்பினால், அவர் ஊருக்குத் திரும்பி எழுதும் அறிக்கையிலும் அந்த மழுப்பலே போய்ச் சேரும். உள்ளதைச் சொல்லிவிடுவதில் ஊருக்கு ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை.

கழிப்பறை, மாதவிடாய் பற்றிப் பேசும் களப்பணியில் யாரோடு யார் போகிறார் என்பதும் முக்கியம். கிராமாலயா திருச்சிக் குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்களைக் கொண்டே பொதுக் கழிப்பறைகளை நடத்தியது. அந்தக் குழுப் பெண்ணோடு போகும் வெளிநாட்டுப் பெண்ணிடம் ஒரு தாய் மனம் திறந்து பேசக்கூடும். அதே கேள்வியை ஓர் இளைஞர் கேட்டால் அந்தத் தாய் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஸ்ரீரங்கம் வேறு விதமான பாடம். 156 ஏக்கர் பரப்புள்ள அரங்கநாதர் கோயிலுக்கு ஏழு பிராகாரங்கள். அவற்றில் வெளிப் பிராகாரங்களான உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி ஆகியவற்றில் வீடும் கடையுமாக மக்கள் வாழ்கிறார்கள். அதாவது சித்திரை வீதியில் அறை எடுத்துத் தங்குபவர் கோயில் மதிலுக்குள்ளேயே தூங்கி எழுகிறார். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரத்தைக் கடந்து வந்த நிமிடத்திலிருந்தே உடை, உணவு, மது எல்லாவற்றிலும் ஊரின் எதிர்பார்ப்பு மாறுகிறது. புரட்டாசியில் அது இன்னும் இறுகும். உள் பிராகாரங்களில் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாமல் வாசல் வரை அழைத்துப்போய், அங்கே காவலர் சொல்லக் கேட்கவைப்பது அவமானம்தான். விதி சரியா என்று வந்தவர் விவாதிக்கலாம். அந்த விவாதம் வீட்டுத் திண்ணையில் நடக்கட்டும்.

காவிரிக் கரையில் உள்ள அம்மா மண்டபப் படித்துறையில் தவறு இன்னும் எளிதாக நேரும். ஒரு பக்கம் குளிப்பவர்கள், இன்னொரு பக்கம் இறந்தவருக்குத் திதி கொடுப்பவர்கள். புகைப்படக் கருவி வழியாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே காட்சி. பிண்டத்தோடு தண்ணீரில் நிற்பவர் தந்தையை இழந்து சில நாளே ஆனவராக இருக்கலாம் என்று ஒருமுறை சொன்னால் போதும், பெரும்பாலோர் தாமாகவே கருவியை மூடிவிடுவார்கள். ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றில் இறங்குவது பற்றிய எச்சரிக்கை வேறு வகை. அது மரியாதைக்காக அல்ல, உயிருக்காக.

குழந்தைகள் விஷயத்தில் பண்பாட்டோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. காப்பகத்துக் குழந்தைகள் வெள்ளைக்கார அண்ணனிடம் ஒரு வாரத்திலேயே ஒட்டிக்கொள்வார்கள். அவர் போனதும் மறுபடி ஒரு பிரிவு. ஓரிரு வாரத்துக்கு வருபவரை நேரடியாகக் குழந்தைகளிடம் விடாமல், ஆசிரியருக்கு உதவியாக வைப்பதே முறை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் தடை விதிக்கிறது. கட்டிப்பிடித்து எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது அன்பால்தான் என்றாலும் அதற்கு விலக்கு இல்லை.

விருந்தாளி அந்தஸ்தால் அதிகம் பாதிக்கப்படுவது கூடவே வேலை செய்யும் உள்ளூர் இளைஞர். பத்து ஆண்டு அனுபவமுள்ள களப்பணியாளர் ஓரமாக நிற்க, நேற்று வந்தவருக்குப் பொன்னாடையும் மேடையில் நாற்காலியும் கிடைக்கும். வழிகாட்டி அந்தப் பணியாளரையே விருந்தினருக்கு மேற்பார்வையாளராக வைத்தால் நிலைமை பாதி சரியாகும். கூட்டத்தில் அவரை முதலில் பேசவைத்தால் மீதியும் சரியாகிவிடும்.

காகித வேலைகளையும் தள்ளிப்போட முடியாது. மின்னணுச் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத தன்னார்வப் பணி ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுப் பிள்ளையாக வைத்திருக்கிறோம் என்ற நினைப்பில் பல குடும்பங்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

பிரியும் நேரத்தில் பணப் பேச்சு வரும். நண்பர்களிடம் வசூலித்து நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று தன்னார்வலர் ஆசைப்படுவார். வெளிநாட்டவர் இங்கிருந்தபடி ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நிதியாகவே கருதப்படும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம்தான் அதை வாங்கலாம். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அதுவும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கின் வழியாகத்தான் வர வேண்டும். மாமிக்கு ஒரு சேலையும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேனாவும் வாங்கிக் கொடுக்க எந்தப் பதிவும் வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவைக்கும் நிறுவனங்களில் வழியனுப்பு விழா சங்கடமில்லாமல் முடிகிறது.