525 மடங்கு என்று எழுதிய பெட்டி

தொலைநோக்கி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?" என்பதுதான். பெட்டியின் மேலும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்: 525 மடங்கு. அதே பெட்டியின் ஓரத்தில் 76 மி.மீ., 700 மி.மீ. என்று பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். அங்குள்ள பெரிய தொலைநோக்கியை யாரும் 'இத்தனை மடங்கு' என்று சொல்வதில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கி என்பார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த அந்தக் கருவியின் முதன்மைக் கண்ணாடிக்கு அதுதான் விட்டம். அங்கே 1972-இல் வந்த இன்னொன்றின் பெயர் 1 மீட்டர் தொலைநோக்கி. 1968-இல் முதன்முதலாக வைத்தது 38 சென்டிமீட்டர். உலகமெங்கும் இதே வழக்கம்தான், ஏனென்றால் தொலைநோக்கியின் தலையாய வேலை ஒளி சேர்ப்பது.

இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் பாவை சுமார் 7 மி.மீ. விரியும். 70 மி.மீ. கருவி அகலத்தில் அதைப்போலப் பத்து மடங்கு, பரப்பில் நூறு மடங்கு. வெறுங்கண்ணுக்கு எட்டும் ஒளியைவிட நூறு மடங்கு உள்ளே வருகிறது. காவலூர் கண்ணாடிக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

ஒளியைச் சேர்ப்பது லென்ஸாகவும் இருக்கலாம், குழி ஆடியாகவும் இருக்கலாம். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகத்தில் 20 செ.மீ. லென்ஸ் தொலைநோக்கி ஒன்று உண்டு. காவலூரின் பெரிய கருவி ஆடி வகை. லென்ஸை விளிம்பில் மட்டும்தான் பிடிக்க முடியும். அளவு கூடினால் தன் எடையிலேயே வளையும். ஆடிக்குப் பின்புறம் முழுக்க முட்டுக் கொடுக்கலாம். அதனால்தான் பெரியவை எல்லாம் ஆடிகளாகிவிட்டன.

பெட்டியில் இருந்த 76 மி.மீ. என்பது இந்த லென்ஸின் அல்லது ஆடியின் விட்டம்தான். இனி 700 மி.மீ. அது குவிய தூரம்: லென்ஸிலோ ஆடியிலோ பட்ட ஒளி ஒரு புள்ளியில் கூடுவதற்குள் கடக்கும் தொலைவு. அதைக் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவிய தூரத்தால் வகுத்தால் பெரிதாக்கும் திறன் கிடைக்கும். 20 மி.மீ. ஐபீஸ் போட்டால் 35 மடங்கு, 4 மி.மீ. போட்டால் 175. கூடவே, மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் செருகினால் 525. பெட்டிக்காரர் கணக்கில் பிழை இல்லை. ஆனால், விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதுதான் பயனுள்ள உச்சவரம்பு. 76 மி.மீ. கருவிக்கு 150-ஐத் தாண்டினால் பிம்பம் பெரிதாகும், மங்கும், கலங்கும். புதிதாக ஒன்றும் தெரியாது. சனியின் வளையத்துக்கு 50 மடங்கு போதும். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கில்.

குவிய தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது குவிய விகிதம். 700-ஐ 76-ஆல் வகுக்க, சுமார் 9. இந்த எண் சிறியதானால் வானத்தின் அகன்ற பகுதி ஒரே பார்வையில் அடங்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது தாங்கியை. தேனி மாவட்டத்துக்காரர்கள் இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நட்சத்திரங்கள் துருவத்தைச் சுற்றி நகர்வதைப் பின்தொடர, துருவத் தாங்கி என்ற வகை உண்டு. அதன் அச்சைத் துருவ நட்சத்திரம் நோக்கி, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும். காவலூரில் 12.5 பாகை. மயிலாடும்பாறை தாண்டி வருசநாடு போனால் பத்து பாகைகூட இல்லை. துருவ நட்சத்திரம் அங்கே வடக்கே, ஏறக்குறைய கொடைக்கானல் திசையில், நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்துக்கும் தாழ்ந்தே நிற்கும். லேசான புகைமூட்டம் வந்தாலும் மறைந்துவிடும். அத்தனை தாழ்வாக அச்சைச் சாய்க்கும்போது எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு.

மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் தாங்கியே இந்த வட்டாரத்தில் புதியவருக்கு ஏற்றது. மரப்பெட்டி மேல் உட்காரும் டாப்சோனியன் அந்த இனம்தான். காசு தாங்கிக்குப் போகாமல் கண்ணாடிக்குப் போகும், ஆட்டமும் குறைவு. ஆட்டம் சின்ன விஷயமல்ல. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஆடிக் காற்றில் மெலிந்த முக்காலி நடுங்கும். 100 மடங்கு பெரிதாக்கினால் நடுக்கமும் 100 மடங்கு பெரிதாகும்.

ஒரு எச்சரிக்கை. குழாயின் முன்புறம் முறையான சூரிய வடிகட்டி பொருத்தாமல் எந்தத் தொலைநோக்கியையும் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

தொலைநோக்கிக்கு முன்னால் ஒரு பைனாகுலர் வாங்குவது இன்னும் நல்லது. அதில் 10×50 என்று இருந்தால், முதல் எண் மடங்கு, இரண்டாவது மில்லிமீட்டரில் விட்டம். இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியிலிருந்து கோடை வரை நிலவில்லாத இரவுகளில் இதைக் கொண்டே நிறையப் பார்க்கலாம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடிவானத்துக்கு மேலே வராத ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து, மே மாத இரவுகளில் வருசநாட்டின் தென்வானில் 30 பாகைக்கும் மேலே ஏறும். பைனாகுலரில் அது ஒரு பஞ்சுத் திட்டு. 150 மி.மீ. டாப்சோனியனில், அந்தத் திட்டு தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரியத் தொடங்கும்.